இங்கிதம் இல்லாத அழைப்பு

ராஜகனியின் மேல் வந்த முதல் புகார், அவள் "ஆமா" என்று சொல்லிவிட்டாள் என்பது.

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் தன் வாட்டர் ஹீட்டருக்கு இன்னும் வாரண்டி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருந்தது. ஆமா என்றாள். "ஆமாங்க" என்று சொல்லத் தெரியாத பெண்ணை எதற்குப் போனில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று அவர் அரைப்பக்கம் எழுதி அனுப்பினார். இரண்டாவது புகார் "எது?" என்று கேட்டதற்கு. மூன்றாவது சம்பவத்தில் அவள் வாயே திறக்கவில்லை. வாடிக்கையாளர் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாக இருந்தாள். இடையிடையே நாலு "சரிங்க" விழாததால், சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

அவள் ஊர் திசையன்விளை. கணவனுக்கு லேத் பட்டறையில் வேலை கிடைத்ததால் கோயம்புத்தூர் வந்தவள். இயற்பியல் படித்திருந்தாள். கம்பெனி விற்கும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாவற்றின் உள்ளும் புறமும் அவளுக்கு அத்துப்படி. இடித்தது பேச்சுதான். அவள் ஊரில் மரியாதை என்றால் எதிராளியின் நேரத்தைத் தின்னாமல் விஷயத்தைச் சொல்லிவிடுவது. இங்கே ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு "ங்க" கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

கேட்பதிலும் சிக்கல். "பொழுதோட ஆளை அனுப்புங்க" என்று பெருந்துறையில் ஒரு அம்மா சொன்னதை வைத்து விடிந்ததும் மெக்கானிக்கை அனுப்பிவிட்டாள். அந்தப் பக்கம் அதற்குச் சாயங்காலம் என்று அர்த்தம். வீடு பூட்டியிருந்தது. மெக்கானிக் திட்டினான், அந்த அம்மாவும் திட்டினார், இருவரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் மேலே சொல்லவும் செய்தார்கள்.

வேலை போய்விடும் என்றே இருந்தாள். அந்த மாதம்தான் கம்பெனி "இங்கிதம்" வாங்கியது.

"ஹெட்செட்டுதானுங்க்கா, பயப்படாதீங்க" என்றான் பூபதி. அவள் குழுவின் தலைவன், கோபிக்காரன், அவளைவிட ஆறு வயது சின்னவன். "நீங்க பேசறது அவிங்களுக்கு அவிங்க ஊர்ப் பேச்சா, அவிங்க மரியாதையோட கேக்கும். அவிங்க பேசறது உங்களுக்கு உங்க ஊர்ப் பேச்சாக் கேக்கும். நடுவுல அரை நொடிதான்."

"திட்டுனா?"

"திட்டு வராதுங்க்கா. சாரம் மட்டும் வரும்."

முதல் அழைப்பிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாணியம்பாடியிலிருந்து பேசிய தோல் வியாபாரி அவளுடைய பெரியப்பாவைப்போல, "என்னம்மா, இந்த மெஷினு தண்ணி எடுக்க மாட்டேங்குல்லா" என்றார். ஊட்டிக்காரர் அப்படித்தான் பேசினார். தஞ்சாவூர்க்காரரும் அப்படித்தான். தமிழ்நாடு முழுக்கத் திசையன்விளையாகிவிட்டது. அவள் "ஆமா" என்று சொன்னால் திரையின் மூலையில் "ஆமாங்க" என்று ஓடியது. வணக்கம் சொல்வது, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பது, கடைசியில் விடைபெறுவது, இதெல்லாம் அவள் சொல்லவே வேண்டாம். இங்கிதமே அவள் குரலில் சொல்லிக்கொள்ளும். பச்சை விளக்கு எரிந்தால் அது பேசுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவள் தண்ணீர் குடிப்பாள்.

ஒரு வருடம் சுகமாகப் போயிற்று. புகார் ஒன்றுகூட இல்லை. மாலையில் வீட்டுக்குப் போனால் தலைவலி இல்லை. யாராவது திட்டிய சொல் ராத்திரிச் சமையலில் வந்து கலப்பதில்லை. பக்கத்து மேஜைகளில் இருந்தவர்களும் லேசாகச் சதை போட்டிருந்தார்கள். நல்ல காலம் என்றுதான் அவள் அதை நினைத்துக்கொண்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தப் புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு வெள்ளக்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சாதனம் என்ற கட்டத்தில் "குளிர்பெட்டி" என்று இருந்தது. இறந்தவர்களை வைக்கும் கண்ணாடிப் பெட்டி. கம்பெனி அதையும் செய்தது. வழக்கமாக அதை வாடகைக்கு விடுகிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். இது ஒரு வீட்டு எண்.

"அக்கா, இந்தப் பெட்டி சரியாக் குளிரல போலிருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். நிதானமான குரல். ராஜகனி பிளக்கைச் சரிபார்க்கச் சொல்ல ஆரம்பித்தாள். "ரொம்ப நன்றிக்கா. பெறவு பேசுதேன்" என்று குரல் முடித்துக்கொண்டது. திருப்தி என்று திரை சொன்னது.

பத்து முப்பத்தைந்துக்கு அதே எண். அதே நிதானம், அதே நன்றி. பத்து ஐம்பதுக்கு மறுபடியும்.

மூன்றாவது நன்றிக்குப் பிறகு ராஜகனி ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். திருப்தியானவர்கள் அரைமணி நேரத்தில் மூன்று தடவை கூப்பிட மாட்டார்கள். எழுந்து பூபதியிடம் போய், அந்த அழைப்புகளின் அசல் பதிவு வேண்டும் என்றாள்.

அசலை யாரும் கேட்பதில்லை. இங்கிதத்தை வாங்கியதே அதைக் கேட்காமல் இருக்கத்தான். பூபதி தயங்கித்தான் போட்டான்.

முதலில் வந்தது அழுகை. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கிதம் அதை இரைச்சல் என்று எடுத்து வடிகட்டியிருந்தது. அதன் மேல் ராஜகனியின் குரல், அவள் சொல்லாத சொற்களில், குழைந்து குழைந்து பேசியது: "மகிழ்ச்சியான காலை வணக்கமுங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?"

பூபதி கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு ஒரு கிழவியின் குரல். "பொணத்தை வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், சௌக்கியமான்னு கேக்கறியா நீ" என்றது. அதன் பிறகும் விஷயத்தைச் சொன்னது. பெட்டி கொர்ரென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டதாம். கண்ணாடி உள்ளுக்குள் வேர்த்துச் சொட்டுகிறதாம். பெட்டி கொண்டுவந்தவன் போனை எடுக்கவில்லையாம். "பன்னெண்டுக்கே எடுத்தர்லாம்ங்கறாங்க. எம்புள்ளை ஆஸ்திரேலியாவுல இருந்து வந்துட்டிருக்குது. ஊடு வந்து சேர மூணு மணியாகும். அப்பன் மொகத்த அவ பாக்கோணும்."

அவர் சொன்னதில் பெட்டி குளிரவில்லை என்ற சாரம் மட்டும் ராஜகனிக்கு வந்திருந்தது.

மற்ற இரண்டு பதிவுகளும் அதைவிட மோசம். ஒவ்வொரு தடவையும் கிழவி வெறுத்துப்போய் வைக்கப் போகும்போது இங்கிதம் முறைப்படி விடைபெற்றது. "சரிங்கம்மா, வரட்டுங்களா? மறுபடியும் கூப்பிடுங்க. உங்க வீட்டுக்குன்னா எப்பவும் ஓடி வருவோமுங்க." அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இங்கிதம் அதைத்தான் "ரொம்ப நன்றிக்கா" என்று கொடுத்திருந்தது.

சாவு வீட்டில் வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவதில்லை. போகிறவர்கள் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. எழுந்தால் பேசாமல் நடையைக் கட்ட வேண்டியதுதான். கோபியிலும் அப்படித்தான், திசையன்விளையிலும் அப்படித்தான். இங்கிதத்தைச் செய்தவர்களும் தமிழர்கள்தான், அவர்களுக்கும் தெரியாமல் இருக்காது.

"எங்க பழக்குனாங்க இத?" என்று கேட்டாள்.

"கல்யாண மண்டபத்துல, ஜவுளிக்கடைல, நகைக்கடைலங்க்கா. எங்கெங்க மரியாதை நல்லா இருக்குமோ அங்கெல்லாம் எண்ணூறு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க." பதிவை நிறுத்தினான். "எழவு வீட்டுல யாரு போயி மைக் வெப்பாங்க?"

மணி பதினொன்று ஐந்து. பக்கத்து மெக்கானிக் தாராபுரத்தையும் தாண்டி இருந்தான். கையிலிருந்த வேலையை விட்டுக் கிளம்பினாலும் போய்ச் சேரப் பன்னிரண்டரை ஆகிவிடும். போனிலேயே சரிசெய்தால்தான் உண்டு.

இங்கிதத்தை அணைக்கப் பூபதியின் கைரேகை வேண்டும், காரணமும் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் அவன் "சாவு" என்று மட்டும் அடித்தான். நம்ம பக்கத்து அம்மா, நானே பேசிவிடுகிறேன் என்று ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டான். ராஜகனிக்கு அது சரியாகவே பட்டது. அவன் பேச்சு அந்த அம்மாவுக்குப் பழகிய பேச்சு.

எதிர்முனையில் எடுத்தார்கள். பூபதி நிமிர்ந்து உட்கார்ந்தான். "வணக்கமுங்கம்மா" என்றான்.

வைத்துவிட்டார்கள்.

அவன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "நெனைக்கவே இல்லீங்க்கா. வாய் தானா சொல்லிருச்சு." வளர்த்த விதம் அப்படி. அவன் வீட்டில் நாய்க்குட்டிக்கும் "ங்க" போடுவார்கள் என்று அலுவலகத்தில் கேலி செய்வதுண்டு.

ராஜகனி ஹெட்செட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு வருடமாக அவள் சொந்தக் குரல் எந்த வாடிக்கையாளர் காதிலும் விழுந்ததில்லை. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். ஒப்பாரி அசலாக, முழுசாக வந்து காதில் அறைந்தது.

"பெட்டிக் கம்பெனி. தலமாட்டுப் பக்கம் அடியில ஒரு கம்பி வலை இருக்கும். அதுல கைய வச்சுப் பாருங்க. காத்து வருதா?"

வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

"நீ எந்தூரு?"

"தெக்க. திசையன்விளை."

"நீ பேசறது பாதி வெளங்கல, அம்மிணி."

"நீங்க பேசுததும் எனக்குப் பாதிதான். மெதுவாச் சொல்லுதேன். வலை. கம்பி வலை. கைய வைங்க."

புடவை சரசரத்தது. யாரையோ நகரச் சொன்னார். கிழவியே குனிந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. சுடுகிறது, காற்றே இல்லை என்றார்.

ராஜகனிக்குப் பெட்டியின் படம் மனதில் இருந்தது. அந்த வலை வழியாகத்தான் இயந்திரம் மூச்சு விடும். அடைத்தால் சூடேறித் தானாக நின்றுவிடும். வலைக்கு மேல் என்ன கிடக்கிறது என்று கேட்டாள்.

மாலைகள் கிடந்தன. கோடித்துணிகள் கிடந்தன. உறவுக்காரர்கள் ஒவ்வொருவரும் கொண்டுவந்து போட்ட புதுவேட்டியும் துண்டும் கண்ணாடி மூடியில் இடம் கொள்ளாமல் தலைமாட்டில் சரிந்து, ஒரு முழம் உயரத்துக்கு வலையை மூடியிருந்தன. செத்தவர் ஊரில் மதிக்கப்பட்டவர் என்று தெரிந்தது. அந்த மதிப்புதான் பெட்டியின் மூச்சை அடைத்திருந்தது.

"அத்தனையையும் எடுங்க."

அது மட்டும் ஆகாது என்றார் கிழவி. குரல் தணிந்துவிட்டது. மேலே கிடப்பது சம்பந்தி வீட்டுக் கோடி. அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். போட்ட கோடியை எடுத்துக் கீழே வைத்தால் அவமரியாதை செய்துவிட்டார்கள் என்று பேச்சாகிவிடும். மகள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த வீட்டு மருமகள்தான். அவர் இதை மெதுவாக, அக்கம்பக்கம் கேட்காதபடி சொன்னார். சொற்களில் பாதி ராஜகனிக்குப் பிடிபடவில்லை. சொல்வது என்ன என்பது பிடிபட்டது.

பூபதி ஒரு தாளில் எழுதி நீட்டினான்: சம்பந்தி கையாலேயே எடுக்கச் சொல்லுங்க.

ராஜகனி அதை அப்படியே சொன்னாள். "அவங்கள எடுக்கச் சொல்லுங்க. அக்கட்டால ஒரு நாக்காலியில மடிச்சு வைக்கட்டும். ஒங்க மவ வந்து மொகத்தத்தான் பாப்பா. துணியப் பாக்க மாட்டா."

"அக்கட்டால", அதாவது அப்பால் என்ற சொல் அந்தப் பக்கத்தினுடையது. ஒரு வருடத்துக்கு முன்பு, திட்டு வாங்கியே கற்றுக்கொண்டது.

போன் எங்கோ வைக்கப்பட்டது. தூரத்தில் பேச்சுச் சத்தம். ஓர் ஆண் குரல் எதையோ மறுத்தது. ஒரு பெண் குரல் அதை அடக்கியது. பிறகு கிழவி திரும்பி வந்தார். எடுத்துவிட்டார்கள், சம்பந்தியம்மாவே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் வலைக்குப் பக்கத்தில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும் என்றாள் ராஜகனி. அவசரப்பட்டால் மோட்டார் புகைந்துவிடும்.

"நீ வெச்சர்றாத" என்றார் கிழவி.

"வைக்க மாட்டேன்."

அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. எட்டு நொடிக்கு மேல் மௌனம் கூடாது என்பது கம்பெனி விதி. எட்டாவது நொடியில் இங்கிதம் "காத்திருப்பதற்கு நன்றி" என்று ஆரம்பித்துவிடும். இன்று அது அணைந்திருந்தது. ராஜகனி கேட்டுக்கொண்டே இருந்தாள். பெண்கள் அந்த மனிதரைப் பாடி அழுதார்கள். வாழ்நாளில் ஒரு பஸ்ஸைக்கூடத் தவறவிடாதவர், மகள் வரும்வரை ஒரு நாள் பொறுக்காமல் போய்விட்டாரே என்று பாடினார்கள். நடுவில் ஓர் ஆள் வந்து மணியாகிறது, எடுத்துவிடலாம் என்று சொன்னது கேட்டது.

"போன்ல ஆள் இருக்குது" என்றார் கிழவி. "பொறுங்க."

பூபதி தன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு வரிசை தள்ளி யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நடுப்பகலில் ஒரு சாவு வீட்டில் தரையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது ராஜகனிக்கு. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. யாரும் அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. இருந்தால் போதும்.

பன்னிரண்டு நிமிடம் விட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், விரல் வலிக்கட்டும் என்றாள். ஒரு கனைப்பு. பிறகு சீரான உறுமல். கிழவி போனைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். ஒப்பாரியைத் தாண்டி அந்தச் சத்தம் நெருக்கமாகக் கேட்டது.

"நம்பரு என்ன காட்டுது?"

"பத்தொம்பது." கொஞ்ச நேரம் கழித்து, "பதினேழு." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "பதினாலு."

தொடர்பு அறுந்தது. நன்றி இல்லை, விடைபெறுதல் இல்லை. திரையில் சிவப்பாக மதிப்பெண் விழுந்தது: நூற்றுக்கு மூன்று. வணக்கம் இல்லை, நலவிசாரணை இல்லை, நீண்ட மௌனம், வாடிக்கையாளர் பாதியில் துண்டித்தார், கடும் அதிருப்தி.

"ஒண்ணுமே சொல்லாம வெச்சுட்டாங்க" என்றான் பூபதி பழக்கதோஷத்தில். சொன்ன பிறகு அவனே தலையாட்டிக்கொண்டான்.

இங்கிதத்தைத் திரும்பப் போட இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு செய்துகொள்ளலாம் என்றாள் ராஜகனி. சாப்பாட்டுக்குப் பிறகும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு ஒரு ஹீட்டர்காரர் சத்தியமங்கலத்திலிருந்து கூப்பிட்டு, அவள் "எது?" என்று கேட்ட குற்றத்துக்காகக் கால்மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தத் திட்டின் நடுவில், எந்த விளக்கு எரிகிறது, தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது, எந்த மாதம் கடைசியாகச் சர்வீஸ் செய்தது எல்லாம் இருந்தது. ராஜகனி குறித்துக்கொண்டே வந்தாள். அவர் ஓய்ந்தபோது கோளாறு என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காது சுட்டது. ஆனால் மனம் என்னவோ லேசாகத்தான் இருந்தது.

மூன்று மணி ஆயிற்று. அவள் பார்வை அடிக்கடி திரையின் ஓரத்துக்குப் போயிற்று. அந்த எண் மறுபடி வந்தால் பெட்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். வரவில்லை. நாலுக்கும் வரவில்லை. வராததை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பன்னிரண்டுக்கே எடுத்திருந்தாலும் வந்திருக்காது.

ஐந்து மணிக்குப் பூபதி வேகமாக வந்தான். அன்றைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கணினி தானாகக் கருத்துக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும். அந்த வீட்டு எண்ணை நீக்க அவன் மறந்துவிட்டான். எங்கள் சேவை உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி அளித்தது, ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை அனுப்புங்கள் என்று அது போயேவிட்டது.

இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நாற்பதுக்கு அந்த எண்ணிலிருந்து பதில் வந்தது.

"மகள்தான் எழுதுகிறேன். மூன்றேகாலுக்கு வந்தேன். அப்பாவைப் பார்த்தேன்."

அவ்வளவுதான். கணினிக்கு அதில் எண் எதுவும் கிடைக்கவில்லை. செல்லாத பதில் என்று குறித்து, மறுபடி கேட்கட்டுமா என்று கேட்டது. பூபதி அவசரமாக வேண்டாம் என்று அழுத்தினான். அப்படியானால் அழைப்பை முடித்துவைக்க நீங்களே ஓர் எண்ணைப் போடுங்கள் என்றது.

"எத்தனைங்க்கா போடறது? அஞ்சு போடட்டுங்களா?"

ராஜகனி அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"ஒண்ணும் போடாத, தம்பி. கெடக்கட்டும்."

அடுத்த மாதத்திலிருந்து குளிர்பெட்டி அழைப்புகளை இங்கிதம் இல்லாமல் எடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. மற்றவற்றுக்கு அவரவர் விருப்பம் என்றார்கள். பெரும்பாலோர் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ராஜகனி காலையில் போடாமல் உட்காருவாள், பத்துத் திட்டு சேர்ந்த பிறகு டீக்கு முன்னால் ஒரு மணி நேரம் போட்டுக்கொள்வாள். வெள்ளக்கோவில் அழைப்பு முடிவடையாத அழைப்புகளின் பட்டியலில் தனியாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை கணினி அதை நினைவூட்டி, முடித்துவிடலாமா என்று கேட்கும். "பிறகு" என்ற பொத்தானை அழுத்திவிட்டு அவள் அடுத்த அழைப்பை எடுப்பாள்.